கிட்டங்கிக்கு ஒரு பங்கு

இங்கிலாந்து ஏன் தேங்கிப்போனது என்று நெல்லையம்மாள் ஐந்து அத்தியாயம் எழுதி முடித்திருந்தாள். திருநெல்வேலியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் அவள் பொருளாதாரம் நடத்தினாள். நாற்பதை நெருங்கும் வயதில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டு, கல்லூரி விட்டதும் நூலகமே கதி என்று கிடந்து எழுதிய ஆராய்ச்சி அது. உலகத்தில் முதலில் மில் கண்ட நாடு, முதலில் ரயில் விட்ட நாடு, இன்னமும் செல்வத்துக்குக் குறைவில்லாத நாடு, முப்பது லட்சம் பேரை வேலையில்லாமல் வீட்டில் உட்கார வைத்திருக்கிறதே, அது எப்படி? பழைய ஆலைகளைப் புதுப்பிக்காமல் விட்டதை எழுதியிருந்தாள். புதிதாக ஒன்று கட்டப் போனால் ஊர் கூடி வேண்டாம் என்றதை எழுதியிருந்தாள். முதலாளியும் தொழிலாளியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் போனதற்கு ஒரு அத்தியாயமே வைத்திருந்தாள்.

மதுரையில் இருந்த அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஐந்தையும் படித்துவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்றார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, நோயை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு மருந்து எழுதாமல் எழுந்துபோகிற வைத்தியரை யாராவது மதிப்பார்களா என்று கேட்டார். ஆறாவது அத்தியாயத்தோடு வா, அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆறாவது அத்தியாயம்தான் வர மாட்டேன் என்றது. வட்டியைக் குறைக்க வேண்டும் என்று எழுதுவாள். படித்துப் பார்த்து அடித்துவிடுவாள். வரியைக் குறைக்க வேண்டும் என்று எழுதுவாள், அதையும் அடிப்பாள். எல்லாமே யாரோ எப்போதோ சொல்லி, யாரும் கேட்காமல் விட்டதாகவே இருந்தது. 1982-ஆம் வருஷக் கோடை விடுமுறை வந்ததும் காகிதக் கட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினாள். அப்பா காலமாகி வருஷம் திரும்பியிருந்தது. பாகம் முடித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அண்ணன் நாறும்பூநாதன் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தான்.

கச்சேரித் தெருவில் எல்லாமே பெரிய வீடுகள். கோயில் நிலம், குளத்துப் பாசன வயல், தாலுகா ஆபீஸ் உத்தியோகம் என்று மூன்று தலைமுறையாகச் சேர்ந்த வசதி. யார் வீட்டிலும் எதற்கும் குறையில்லை. பாங்கில் டெபாசிட் இருந்தது, பத்தாயத்தில் நெல் இருந்தது. ஆட்கள்தான் இல்லை. பிள்ளைகள் மெட்ராசுக்கும் டெல்லிக்கும் போய்விட, பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது. மீதி வீடுகளில் வயதானவர்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர்கூட வாங்க ஆளில்லை என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார்.

அந்தப் பூட்டுகளின் சாவியெல்லாம் நாறும்பூநாதனிடம்தான் இருந்தது. அவன் தெருச் சங்கத்தின் செயலாளர். காலையில் சாவிக்கொத்தோடு கிளம்பி, ஒவ்வொரு வீடாகத் திறந்து, தூசி தட்ட ஆள் விட்டு, திரும்பப் பூட்டிவிட்டு வருவான். பி.காம். படித்தவன். வேலைக்குப் போக வேண்டிய அவசியம் வந்ததே இல்லை. கெட்டவன் இல்லை, ஐம்பதுக்கு முன்னாலேயே அலுத்துப்போனவன், அவ்வளவுதான்.

அப்பா உயிலில் வீட்டையும் முன்முற்றத்தையும் அண்ணனுக்கு எழுதியிருந்தார். வீட்டை ஒட்டிய கிட்டங்கியை நெல்லையம்மாளுக்கு எழுதியிருந்தார். கல்யாண மண்டபம் போல நீண்ட கட்டடம். ஒரு காலத்தில் திருவேங்கடத்துக் கரிசலிலிருந்தும் குருவிகுளம் பக்கத்திலிருந்தும் பருத்தி வந்து அங்கேதான் இறங்கும். பஞ்சு வியாபாரம் மில் ஏஜெண்டுகள் கைக்குப் போனதும் அப்பா அதைப் பூட்டினார். பூட்டியது பூட்டியபடி கிடந்தது. அதற்குள் போக வேண்டுமென்றால் அண்ணனுடைய முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவள் வந்த மறுநாள் காலையில் புளியங்குடியிலிருந்து மீரா பீவி என்று ஒரு பெண் வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். புருஷன் சவுதியில் எலக்ட்ரீஷியன். அவன் அனுப்பியதைச் சேர்த்து ராஜபாளையத்தில் நான்கு விசைத்தறி வாங்கிவிட்டாள். நிறுத்த இடமில்லை. புளியங்குடியில் கேட்ட கொட்டகையெல்லாம் எலுமிச்சம்பழ வியாபாரிகள் கையில் இருந்தது. தறிகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. நூல் கடையும் ஜவுளி மொத்த வியாபாரமும் சங்கரன்கோவிலில் இருப்பதால் இங்கேயே ஒரு இடம் பார்க்கலாம் என்று வந்தவளுக்கு யாரோ கிட்டங்கியைச் சொல்லியிருக்கிறார்கள்.

நாறும்பூநாதன் மரியாதையாகத்தான் பேசினான். இதையெல்லாம் வாடகைக்கு விடுகிற வழக்கம் இல்லை என்றான். மோர் கொடுக்கச் சொன்னான். அவள் மோரைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் புறப்பட்டாள்.

நெல்லையம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் வேகமாக நடந்து அவளைப் பிடித்தாள். தறியைப் பற்றி, நூலைப் பற்றி, துண்டும் சேலையும் எந்த ஊருக்குப் போகிறது என்பதைப் பற்றிக் கேட்டாள். மீரா பீவி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் திரும்பித் தெருவை ஒரு பார்வை பார்த்தாள்.

“தப்பா நெனைக்காதிய அக்கா. வாடகைக்கு விடுறதில்லன்னு சொல்லுதாவ. பூட்டித்தான போட்டிருக்கிய. அந்தப் பூட்டு என்ன வாடகை குடுக்கு?”

நெல்லையம்மாள் பேச்சை மாற்றினாள். சங்கடத்தோடு, தறி ஓட்ட ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டாள். ஓட்டுவதற்குப் பழக்கிக்கொள்ளலாம், பழுது பார்க்க ஃபிட்டர்தான் கிடைக்கவில்லை என்றாள் மீரா பீவி.

ஃபிட்டர் என்றதும் நெல்லையம்மாளுக்கு மூக்காண்டியின் ஞாபகம் வந்தது. அவனுடைய அப்பா இவர்களுடைய குளத்து வயலில் பாடுபட்டவர். மூக்காண்டி இளவட்டத்திலேயே பம்பாய்க்குப் போய் மில்லில் தறி ஃபிட்டராக இருந்தான். அந்த வருஷம் தை மாதம் பம்பாய் மில்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. முடிகிற வழியாகத் தெரியவில்லை. அவன் பெண்டாட்டி மாரித்தாயோடு ஊருக்குத் திரும்பி, ரயில்வே ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான் என்று முந்தின நாள்தான் கேள்விப்பட்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். புளியங்குடியில் தறி சும்மா கிடக்கிறது. ஸ்டேஷன் எதிரே ஃபிட்டர் சும்மா இருக்கிறான். இங்கே கட்டடம் சும்மா கிடக்கிறது. மூன்றும் ஒரு மணி நேரப் பஸ் தூரத்துக்குள். மூன்றையும் சேரவிடாமல் நடுவில் நிற்பது அவளுடைய சொந்த அண்ணன்.

சாப்பிடும்போது பேச்சை எடுத்தாள். நாறும்பூநாதன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“சித்தப்பா வீட்டுக் கேஸு ஒனக்குத் தெரியாதாட்டீ? ஆபீசர்னு நம்பி வீட்ட வாடகைக்கு விட்டாரு. ஒழியச் சொன்னா கோர்ட்டுக்குப் போயிட்டான். சித்தப்பா செத்ததுதான் மிச்சம். இன்னைக்கும் அவன்தான் உள்ள இருக்கான். சட்டம் அப்படி. வீட்ட விட்டா வீடு போச்சு.”

அவன் சொன்னதில் பொய்யில்லை. நடந்தது அதுதான். அன்று மத்தியானம் முழுவதும் தன் காகிதக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதிதாகக் கட்டுவதையும் தொழில் தொடங்குவதையும் எதிர்த்தவர்களைக் குறுகிய மனமும் சுயநலமும் உள்ளவர்கள் என்று நான்காவது அத்தியாயத்தில் எழுதியிருந்தாள். முகம் தெரியாத வெள்ளைக்காரர்களை அப்படி எழுத எளிதாக இருந்தது. அண்ணனை அப்படி எழுத மனம் வரவில்லை. தறி ஓடினால் அவனுக்கு என்ன கிடைக்கும்? சத்தமும் கவலையும் கிடைக்கும். தறி ஓடாவிட்டால் என்ன போகும்? ஒன்றும் போகாது. அவன் இடத்தில் யார் இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

மீரா பீவியையும் மூக்காண்டியையும் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு, மூன்று நாள் கழித்து அவள் அண்ணனிடம் மறுபடியும் போனாள்.

“வாடகைக்கு விட்டாத்தான அண்ணே அந்தச் சட்டம்? கூட்டுச் சேந்தா?”

“என்ன கூட்டு?”

அவள் சொன்னாள். மீரா பீவி தறி போடுவாள். மூக்காண்டி கைவேலை போடுவான். நெல்லையம்மாள் கிட்டங்கியைப் போடுவாள். முற்றமும் வாசலும் அண்ணனுடையது. ஆகவே அவனுக்கும் ஒரு பங்கு. யாரும் யாருக்கும் வாடகைக்காரர் இல்லை. தொழில் நின்றுபோனால் அவரவர் போட்டதை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டியது. வக்கீலிடம் கேட்டாயிற்று, கூட்டுப் பத்திரம் எழுதலாம் என்கிறார்.

அவன் விரல் விட்டுப் பங்குக் கணக்குப் பார்த்தான். கிட்டங்கி உன்னுடையது, நான் எப்படித் தடுக்க முடியும் என்று முனகினான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, மற்றதெல்லாம் சரி, மூக்காண்டி மட்டும் நம் வீட்டுப் பின்பக்கத்துச் சந்து வழியாக வந்து போகட்டும், தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றான்.

“கூட்டாளி பின்வாசல் வழியா வர மாட்டான் அண்ணே” என்றாள் நெல்லையம்மாள். “அப்படின்னா எனக்கு இந்தக் கூட்டே வேண்டாம். நான் திருநெல்வேலிக்குப் போறேன்.”

அவன் எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், பத்திரம் எழுத நல்ல நாள் எது என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்திரம் எழுதுகிற அன்றைக்கு மூக்காண்டி வெளுத்த சட்டையும் கால்சட்டையுமாக முன்வாசலில் வந்து நின்றான். அவனுடைய அப்பா இதே வாசலில் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, எசமான் என்று கூப்பிட்டு நின்றது நெல்லையம்மாளுக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

“அண்ணாச்சி, வரலாமா?” என்றான் மூக்காண்டி.

நாறும்பூநாதனின் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு அவனே நாற்காலியை நகர்த்திப் போட்டான். “வாரும். உக்காரும்” என்றான். மூக்காண்டி வந்து உட்கார்ந்தான். வக்கீல் பத்திரத்தை வாசிக்க ஆரம்பித்தார்.

பஞ்சுப் பொதி கட்டுகிற மோட்டாருக்காக அப்பா போட்ட மின் இணைப்பு கிட்டங்கியில் இன்னும் உயிரோடு இருந்தது. மூக்காண்டி தறிகளைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டினான். ஆடி பிறப்பதற்கு முன்னால் நான்கும் ஓடின. மாரித்தாயும் பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேரும் ஓட்டப் பழகிக்கொண்டார்கள். விடுமுறை முடிந்ததால் நெல்லையம்மாள் திருநெல்வேலிக்குப் போய்விட்டு, சனிக்கிழமை தவறாமல் வந்தாள்.

ஒவ்வொரு வாரமும் அண்ணனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. முதலில் அவன் காலையில் கிட்டங்கியைத் திறந்துவிட்டு, சாயங்காலம் பூட்டுவதோடு சரி. அடுத்த வாரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். அதற்கடுத்த வாரம் அவள் வந்தபோது, வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உயர்த்தி, பேசாதே என்று ஜாடை காட்டினான். “மூணாவது தறில இழை அறுந்துட்டு. ஊடு நூலக் கொண்டு ஓடுற நாடா சத்தம் மாறுது, கேளு” என்றான். அவளுக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. அவன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு ஓடினான். நூல் கடைக்காரர் மட்டமான நூலை அனுப்பிவிட்டார் என்று அவரோடு சண்டை போட்டு மாற்றி வாங்கி வந்தான். மத்தியானத் தூக்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அண்ணி நெல்லையம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷர் இவ்வளவு பேசிப் பார்த்ததில்லை என்றாள்.

தெருவுக்கு அது பிடிக்கவில்லை. அய்யாத்துரை என்று ரிடையரான வருவாய் ஆய்வாளர் ஒருவர் எதிர்வீட்டில் இருந்தார். தறிச் சத்தத்தில் தலைவலி வருகிறது என்று அவர் மனு எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். மெட்ராசில் இருப்பவர்களுக்குக்கூட எழுதிப் போட்டார். தெருச் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். தறியை நிறுத்துவதா வேண்டாமா என்பது மட்டும்தான் பேச்சு. அன்று ஞாயிற்றுக்கிழமை, நெல்லையம்மாள் இருந்தாள்.

சங்கக் கட்டடத்தில் நாற்காலியெல்லாம் நிறைந்துவிட்டது. மீரா பீவியும் மூக்காண்டியும் வாசலை ஒட்டி நின்றார்கள். அய்யாத்துரை எழுந்து, கச்சேரித் தெருவுக்கென்று ஓர் அமைதி உண்டு, ஒரு கௌரவம் உண்டு என்றார். கண்டவர்களும் நடமாடுகிற தெருவாக இதை ஆக்கிவிட்டார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் வாசல் பக்கம் பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் பார்த்தார்கள்.

நெல்லையம்மாள் எழுந்தாள். சத்தத்திலிருந்து ஆரம்பித்தாள். தெருப் பக்கத்து ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவோம், விளக்கு வைத்துச் சற்று நேரத்துக்கெல்லாம் தறி நின்றுவிடும், விடிந்த பிறகுதான் ஓடும் என்றாள். நடமாடுகிறவர்களைப் பற்றி, அவர்கள் எங்கள் கூட்டாளிகள், அவர்களுக்கு வழிவிட முடியாது என்றால் எங்களுக்கும் வழியில்லை என்றாள்.

அப்புறம் சொன்னாள்: “எங்க கிட்டங்கிக்கு மட்டும் நான் அனுமதி கேக்கல. இந்தத் தெருவுல பூட்டிக் கெடக்க ஒவ்வொரு வீட்டுக்கும் கேக்கேன். யாருக்கு இஷ்டமோ அவங்க வீட்ட இதே மாதிரி கூட்டுல போடலாம். வாடகை இல்ல, பங்கு. சத்தம் ஒங்களுக்கு, லாபம் எங்களுக்குன்னா நீங்க வேண்டாம்னு சொல்லுறது நியாயம். லாபமும் ஒங்களுக்குன்னா?”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அய்யாத்துரை கையமர்த்தினார். பேச்செல்லாம் நன்றாக இருக்கிறது, உள்ளே விட்டவன் வெளியே போவான் என்பதற்கு யார் பொறுப்பு என்றார். நம் சங்கத்தின் செயலாளரே சொல்லட்டும், வீட்டைப் பாதுகாப்பதுதானே அவர் வேலை என்றார்.

நாறும்பூநாதன் மெதுவாக எழுந்தான். தங்கை பக்கம் பார்க்கவில்லை. மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். அது கனமாக விழுந்தது.

“அண்ணாச்சி, இது ஒங்க எல்லாரு சாவியும். இத்தன வருஷமா தெறந்து, தூசி தட்டி, பூட்டிருக்கேன். எந்த வீட்டுலயும் ஒரு பல்லி செத்துக் கெடந்தாக்கூட எனக்குத் தெரியும். இனிமே முடியாது. நீங்களே வச்சுக்கிடுங்க.”

“ஏம்வே, கோவமா?”

“கோவம் என்ன கோவம். எனக்கு வேலை இருக்கு.”

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். நாறும்பூநாதனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நெல்லையம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வேலை இருக்கு என்று தன் அண்ணன் சொல்லி அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். ஒருமனதாக ஒன்றும் முடியவில்லை. ஆனால் நிறுத்த வேண்டும் என்று தூக்கிய கைகள் குறைவு. அய்யாத்துரை எந்தப் பக்கமும் கை தூக்காமல் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியேறினார். வாசலில் மூக்காண்டி விலகாமல் நின்றான். அவர்தான் கொஞ்சம் ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது.

டெல்லியில் மகனோடு இருந்த ஒரு வயதான அம்மாளிடமிருந்துதான் முதல் சம்மதம் வந்தது. தன் வீட்டையும் சேர்த்துக்கொள்ளும்படி நாறும்பூநாதனுக்குத் தந்தி கொடுத்திருந்தார். புளியங்குடியிலிருந்து மீரா பீவியின் உறவினர்கள் தறியோடு வந்தார்கள். மூக்காண்டி தன்னோடு பம்பாயில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்களைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தான். கார்த்திகைக்குள் நான்கைந்து வீடுகளில் தறி ஏறிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம், வெளிச்சம் மங்குகிற நேரமாகப் பார்த்து, அய்யாத்துரை நாறும்பூநாதனிடம் வந்தார். என் வீட்டுப் பின்கட்டு ரொம்ப விசாலம், வீணாகக் கிடக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். நாறும்பூநாதன் அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னான்.

தறி கூடக் கூட மின்சாரம் தள்ளாடியது. ஒரு வீட்டில் தறியைப் போட்டால் இன்னொரு வீட்டில் விளக்கு மங்கியது. புது டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வரிசையில் இருக்கிறது, வரும்போது வரும் என்று பதில் கிடைத்தது. நாறும்பூநாதன் மின்வாரிய ஆபீசுக்கு நடையாய் நடந்தான். கும்பிடு போட்டான், கோபப்பட்டான். திருநெல்வேலிக்குப் போய்ப் பெரிய ஆபீசில் காத்துக் கிடந்தான். ஒரு சதுர அடி நிழல் கொடுக்க மாட்டேன் என்று நின்ற மனுஷன், தெருமுனையில் தன் பெயரில் இருந்த காலிமனையில் ஒரு துண்டை டிரான்ஸ்பார்மர் நிறுத்த எழுதிக் கொடுத்தான்.

மாசி மாதம் லாரியில் அது வந்து இறங்கியது. சங்கிலி கட்டித் தூக்கி மேடையில் வைப்பதைப் பார்க்கத் தெருவே கூடி நின்றது. மீரா பீவி ஜிலேபி வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தாள். லைன்மேன் மேலே ஏறி ஃபியூஸைப் போட்டுவிட்டுக் கை காட்டினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. அண்ணன் ஏதோ சொன்னான்; நெல்லையம்மாளுக்குக் கேட்கவில்லை. அவன் காதருகில் வந்து சத்தமாகச் சொன்னான், “ஒன் அத்தியாயத்த எழுதிட்டியா?”

எழுதியிருந்தாள். தெருவில் கூட்டம் நடந்த மறுவாரமே உட்கார்ந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதிவிட்டாள். நான்காவது அத்தியாயத்தில் குறுகிய மனம், சுயநலம் என்ற வார்த்தைகளையும் எடுத்துவிட்டாள். வசதியான இடத்தில் வளர்ச்சி நின்றுபோவது அங்கே பணமோ புத்தியோ இல்லாததால் அல்ல. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு, சரி என்று சொன்னால் ஒன்றும் கிடைக்காததால். அவர்களைத் திட்டியும் பயனில்லை, தள்ளியும் பயனில்லை, பங்கு கொடுங்கள் என்று எழுதினாள். புதிய ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு, புது வீடுகள் எழும்புகிற தெருக்காரனுக்கு, ஆலைக்குள் வேலை செய்பவனுக்கு என்று இங்கிலாந்தின் ஊர்களையும் தொழில்களையும் எடுத்துக்கொண்டு, பங்கு எப்படி எப்படிக் கொடுக்கலாம் என்று விவரமாகச் சொன்னாள்.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு 1983 கடைசியில் மதுரையில் நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவர் என்று பெயர் வாங்கியவர். ஆறாவது அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டே, இவ்வளவு உறுதியாக எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் இங்கிலாந்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். சங்கரன்கோவிலைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லி, கச்சேரித் தெருவைப் பற்றிச் சொன்னாள். ஒரு தெரு ஒரு தேசமாகிவிடாது என்பதையும் தானே ஒப்புக்கொண்டாள். தறி போட்டால் இங்கிலாந்து பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பூட்டி வைத்திருக்கிறவர் மனசு எந்த ஊரிலும் ஒன்றுதான் என்கிறேன் என்றாள். தேர்வாளர் வளர்ச்சியைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சித்தப்பா வீட்டுக் கேஸ் கடைசியில் என்ன ஆனது என்று கேட்டார். தனக்கும் கும்பகோணத்தில் ஒரு பூட்டின வீடு இருப்பதாகச் சொன்னார்.

பட்டம் கிடைத்த செய்தியை நாறும்பூநாதன் ஊரெல்லாம் சொன்னான். என் தங்கச்சி டாக்டர் என்று அவன் சொன்ன வேகத்தில், அடுத்த சனிக்கிழமை ஒரு பெரியவர் இருமலுக்கு மருந்து கேட்டு வந்து காத்திருந்தார்.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை. 1984, பங்குனி வெயில். நெல்லையம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே அண்ணனும் மீரா பீவியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாரித்தாய் வேலையை விட்டுப் போய்விட்டாளாம். எங்கே? எதிர்வீட்டுக்கு. அய்யாத்துரை தன் பின்கட்டுத் தறிக்குக் கூலி கூட்டிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டுவிட்டார். தெருவிலேயே வேலை சுத்தமான தறிக்காரி அவள்தான். பழக்கிவிட்டது இவர்கள். அவளுடைய புருஷன் இங்கே கூட்டாளி.

“தெருவே கெட்டுப்போச்சு” என்றான் நாறும்பூநாதன். “ஆள் கெடைக்க மாட்டேங்கு. கெடைச்சாலும் நிக்க மாட்டேங்காவ.”

நெல்லையம்மாள் மூக்காண்டியைப் பார்த்தாள். அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நீ சொல்லக் கூடாதா என்று கேட்டதற்கு, “என் பங்கு என் பங்கு. அவ கூலி அவ கூலி. அதுல நான் என்ன சொல்ல?” என்றான்.

நெல்லையம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் புலம்புவதை அவள் புத்தகத்தில்தான் படித்திருக்கிறாள். வேலை கேட்டு வாசலில் நிற்பவர்களை விரட்டிப் பழகின இந்த ஊரில், அதுவும் இந்த வீட்டில், அதைக் காதால் கேட்கிற நாள் வரும் என்று நினைத்ததில்லை. அண்ணன் முறைத்தான்.

“கூலியக் கூட்டுங்க. வேற வழியில்ல” என்றாள்.

மாரித்தாயைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டே முன்வாசல் வழியாக வந்தாள். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, என்ன விஷயம் என்று கேட்டாள். மீரா பீவி ஒரு கூலி சொன்னாள். மாரித்தாய் அதைவிடக் கூடுதலாக ஒன்று சொன்னாள். மீரா பீவி பெருமூச்சு விட்டு நாறும்பூநாதனைப் பார்த்தாள். அவன் உத்தரத்தைப் பார்த்தான். மற்ற தறிக்காரிகளுக்கும் அதையே கொடுக்க வேண்டும் என்றாள் மாரித்தாய். கொஞ்ச நேரம் இழுபறியாக இருந்து, கடைசியில் சரி என்றார்கள்.

“அப்ப நாளைக்கே வந்துரு” என்றாள் மீரா பீவி.

“நாளைக்கு எப்படி வர? அங்கன தறில ஏத்தின பாவு நூலு பாதிதான் ஓடியிருக்கு. அத முடிச்சு துணிய அறுத்துக் குடுத்துட்டுத்தான் வருவேன்.”

நாறும்பூநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். “எத்தன நாளாகும்? அவரு எந்தக் கடை நூல் போடுதாரு?”

மாரித்தாய் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

“அத நான் சொல்லலாமா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டுத் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்கு நடந்தாள்.